கன்னத்தில் ஒரு பள்ளம்

அகிலாண்டம் ரேஷன் கடைக்குக் கிளம்பியபோது மணி ஒன்பதேகால். இப்போது பதினொன்று ஆகப் போகிறது. கடை அடுத்த தெருவில்தான் இருக்கிறது. உறையூர்ச் சந்துகளில் யார் மேலும் இடிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தாலும் ஏழு நிமிஷம். மாதக் கடைசி, கூட்டமும் இருக்காது. சர்க்கரை, பருப்பு, பாமாயில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, வழியில் நாலு பேரிடம் நின்று வாயாடிவிட்டு வந்தால்கூடப் பத்தரைக்குள் வந்திருக்க வேண்டும். அம்பலவாணன் இதை மனசுக்குள் ஒரு தடவை போட்டுப் பார்த்தார், நான் ஒன்றும் மணி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டார், பிறகு மறுபடி மணி பார்த்தார். கையில் இருந்த தூரிகையைத் துணியில் துடைத்தார். காலையிலிருந்து ஒரு பொட்டு வண்ணம் ஏறாத தூரிகையை இதோடு ஐந்தாம் முறையாகத் துடைக்கிறார். எதிரே, பின்பக்க அறையின் ஜன்னல் வெளிச்சத்தில், மர ஸ்டாண்டின் மேல் அந்தப் பெண் இருந்தாள். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு டச்சுக்காரன் வரைந்த பெண். தலையில் வெள்ளைத் துணி, தோளில் செங்கல் நிறச் சால்வை, வயது நாற்பதும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். அவளைத்தான் மூன்று மாதமாக அம்பலவாணன் பார்த்துப் பார்த்துக் காப்பியடித்துக்கொண்டிருக்கிறார். அவளுடைய இடது கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், செவ்வாய்க்கிழமை இல்லாத ஒரு பள்ளம் இன்று காலை இருந்தது. யாரோ விரலை வைத்திருக்கிறார்கள். வைத்துக் கீழ்ப்பக்கமாக அரை அங்குலம் இழுத்திருக்கிறார்கள். போலீஸ் இலாகாவின் கைரேகைப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டிய மனுஷனின் வீட்டில், அவர் வரைந்த படத்தில், அவருக்குத் தெரியாமல் ஒருவர் விரலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என்ன தைரியம் இருக்க வேண்டும்.

எண்ணெய் வண்ணம் லேசில் காயாது, அதுதான் அதில் இருக்கிற வசதி, அதுதான் அதில் இருக்கிற சனியன் என்று நித்திலா முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தாள். தில்லை நகரில் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு. நித்திலாவுக்கு வயது முப்பத்திரண்டு, அம்பலவாணனுக்கு அறுபத்துமூன்று. இருந்தாலும் அவர் அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டார், அவளும் கூச்சப்படாமல் அதை வாங்கிக்கொண்டாள். சேர்ந்தவர்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பழைய படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்து, இதைத்தான் வரைய வேண்டும், சொந்தச் சரக்கு ஒன்றும் வேண்டாம் என்றாள். "உங்களுக்குன்னு ஒரு கை வர்றதுக்கு முன்னாடி, பெரிய கை ஒண்ணு போன வழியில போயிட்டு வாங்க சார்." அதுவும் முதல் மூன்று மாதம் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத்தான் வரைய வேண்டும். அச்சும் தலைகீழ், கேன்வாஸும் தலைகீழ். "நேரா வெச்சா மூக்குன்னு தெரிஞ்சுரும். மூக்குன்னு தெரிஞ்சா உங்க மனசுல இருக்கிற மூக்கைத்தான் வரைவீங்க. எதிர்ல இருக்கிறது கண்ணுக்கே படாது." மற்ற ஐந்து பேரும் இதற்கு முகம் சுளித்தார்கள். அம்பலவாணனுக்கு மட்டும் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்த நிம்மதி. அவர் இத்தனை வருஷமும் செய்தது என்ன? ஆள் யார், கருப்பா சிவப்பா, நல்லவனா கெட்டவனா, எதுவும் வேண்டாம்; கோடு எங்கே பிரிகிறது, எங்கே முடிகிறது, எங்கே இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு தீவு நிற்கிறது, அது போதும். அப்படியேதான் இந்தப் பெண்ணையும் செய்தார். அம்பர் பழுப்பில் அடி நிழல், அது காய்ந்த பிறகு அதன் மேல் சாம்பல் கலந்த தோல் நிறம், அதன் மேல் இன்னும் கொஞ்சம் எண்ணெய் சேர்த்த சிவப்பு. கட்டம் கட்டமாக வரைந்தார். யாருடைய முகம் என்றே யோசிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை, வகுப்பு இரண்டு வாரம் லீவு என்பதால் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கேன்வாஸை முதல் தடவையாக நேராக நிமிர்த்தி வைத்தார். தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையா அது? எல்லாம் எனக்குத் தெரியும், நீயாகச் சொல்கிற வரைக்கும் நான் கேட்க மாட்டேன் என்கிற பார்வை. அம்பலவாணன் அவசரமாகக் கடைசி வேலையை முடித்தார். கீழிமை ஓரத்தில் வெள்ளையில் ஓர் ஈரக் கோடு. நித்திலா தலைமயிர் அளவு என்றாள், அவர் கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டார்.

அந்த வெள்ளையில்தான் விரல் விழுந்திருக்கிறது. செவ்வாய் ராத்திரி வைத்த வெள்ளை. புதன்கிழமை தொட்டிருந்தால் குழைந்து பரவியிருக்கும். வெள்ளிக்கிழமை தொட்டிருந்தால் மேலே ஆடை கட்டியிருக்கும், தொட்டால் அந்த ஆடை கிழிந்து சுருண்டிருக்கும். இதில் இரண்டும் இல்லை. ஓரம் லேசாக எழும்பி, அப்படியே நின்றுவிட்டது. ஆக வியாழன். அம்பலவாணன் பழைய பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மூன்று தடவை அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டு வந்தார். இழுத்து நின்ற முனையில்கூட ரேகை இல்லை. ஒரு கோடு இல்லை, ஒரு வளைவு இல்லை, பளிங்குத் தரையாக இருந்தது. இவ்வளவு குழைவான பொருளில் ஒரு விரல் இவ்வளவு அழுத்தமாகப் பதிந்து, ரேகை விழாமல் இருக்குமா? திருட்டு நடந்த வீடுகளில் இதே மொழுமொழுப்பை எத்தனை கண்ணாடிப் பீரோக்களில் பார்த்திருக்கிறார். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அவரே பாடம் எடுத்திருக்கிறார்: பதிவு உண்டு, ரேகை இல்லை என்றால் மூன்று காரணம் இருக்கும், முதல் காரணம் உறை. இப்போதும் முதல் காரணம் உறை என்று சொல்லிக்கொண்டார். அதற்கு மேல் போக வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை, ஏனென்றால் உறை போட்டுக்கொண்டு படம் வரைகிற ஒரு ஆளை அவருக்கு நன்றாகவே தெரியும். டாக்டர் அமலநாதன். பல் டாக்டர். வகுப்பில் அம்பலவாணனுக்குப் பக்கத்து ஸ்டாண்ட். டர்பன்டைன் பட்டால் தோல் அரிக்கிறது என்று நீல ரப்பர் உறை மாட்டிக்கொண்டுதான் தூரிகையையே தொடுவார். அவர் வியாழக்கிழமை இந்த வீட்டுக்கு வந்தார். அம்பலவாணன் தஞ்சாவூரில், கூட வேலை பார்த்த ஒருவரின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்த வியாழக்கிழமை. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே அகிலாண்டம் சொன்னாள்: "உங்க டாக்டர் வந்திருந்தாரு. பெயிண்டுல கலக்குற ஆளி எண்ணெய் தீந்து போச்சாம், கொஞ்சம் ஊத்திக் குடுத்தேன். காபி சாப்பிட்டுட்டுப் போனாரு." அவள் அதைச் சொன்ன தினுசு. அதில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாமல் ஒருத்தி ஏன் அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல வேண்டும்?

சீ, அறுபது வயசில் என்ன நினைப்பு இது, என்று ஒரு பக்கம் தோன்றாமல் இல்லை. ஆனால் நினைப்பு ஒரு பக்கம் நுழைந்துவிட்டால் அதற்கு உட்கார இடம் வேண்டியிருக்கிறது, அம்பலவாணன் மனசில் நாற்காலிகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இந்த வகுப்பில் சேரச் சொன்னது யார்? அகிலாண்டம். "ஏதாவது கத்துக்குங்க, இப்படி வீட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க" என்றாள். வகுப்பு இருக்கிற விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும்? பல் பிடுங்கப் போன இடத்தில் சுவரில் படம் மாட்டியிருந்தது, டாக்டரே வரைந்தாராம், கேட்டாளாம். பல்லைப் பிடுங்கப் போனவளுக்குப் படத்தைப் பற்றி என்ன கேள்வி? ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனை வீட்டை விட்டுக் கிளப்ப வேண்டும், அவ்வளவுதானே. ஆனால் டாக்டரும் அதே நேரத்தில் அதே வகுப்பில்தானே இருக்கிறார்? இருக்கிறார். இரண்டு ஞாயிறு வரவில்லை. கொடைக்கானல் போனதாகச் சொன்னார். கொடைக்கானல்! சரி, அதை விடுவோம் என்று அம்பலவாணன் விட்டார், விட்ட இடத்தில் வேறொன்று எழுந்தது. அவளுடைய போன். மகன் பூனாவிலிருந்து வாங்கி அனுப்பிய போன், விரலை வைத்தால் திறக்கும். நாலு மாதத்துக்கு முன்னால் அதை மாற்றி எண் போட்டுத் திறக்கிற மாதிரி வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு "அது சரியா வேலை செய்யல" என்று ஒரு வார்த்தை. அவர் தன் போனில் வைத்துப் பார்த்தார், தொட்டவுடன் திறந்தது. அவளுடையது மட்டும் வேலை செய்யாதாமே! அப்புறம் அந்தக் கிரீம். அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு சின்னக் குழாய், கைக்குத் தடவுகிற கிரீம், தினமும் படுக்கப் போகும்போது விரல் விரலாகத் தடவிக்கொள்கிறாள், அவர் வந்தால் சட்டென்று புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்கிறாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் முகத்துக்கு மஞ்சளும் தலைக்குத் தேங்காயெண்ணெயும் தவிர எதையும் தொடாதவளுக்கு இப்போது கை மிருதுவாக இருக்க வேண்டுமாம். யார் பிடித்துப் பார்ப்பதற்கு? ரேஷன் கடையிலும் இப்போதெல்லாம் ஒவ்வொரு மாதமும் கூடுதலாக நேரமாகிறது. போன மாதம் ஒன்றேகால் மணி நேரம், அதற்கு முந்தின மாதம் ஐம்பது நிமிஷம், இந்த மாதம் இதோ பதினொன்று இருபது.

அவள் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது. ஆனால் கேட்க முடியாது. கேட்டால் என்ன ஆகும் என்று அம்பலவாணனுக்குத் தெரியும், அந்தத் தெரிதல்தான் காலையிலிருந்து அவரைத் தூரிகையும் கையுமாக உட்கார வைத்திருக்கிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தபோது சமையலறை மேடையில் இரண்டு எவர்சில்வர் தம்ளர் இருந்தது. இரண்டிலும் காபிக் கறை. அகிலாண்டம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒருவர் குடித்தால் ஒரு தம்ளர்தானே? அவர் யோசிக்கவே இல்லை, பையிலிருந்து ரேகை எடுக்கிற கறுப்புப் பொடியையும் மயிர்த் தூரிகையையும் எடுத்தார், இரண்டாவது தம்ளரில் போட்டார், அழகாக ஒரு கட்டைவிரல் எழும்பி வந்தது, ஆண் விரல். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அலமாரியில் இருந்த பாத்திரம் ஒவ்வொன்றிலும் போட்டார். ஒரு வாரம் கழித்து அகிலாண்டத்தின் அண்ணனை ஏதோ பத்திரம் என்று சொல்லி உட்கார வைத்து மையில் விரலை ஒற்றியெடுத்துப் பார்த்தார்; எட்டு அடையாளம் போதும், பதினான்கு பொருந்தியது. தங்கையைப் பார்த்துவிட்டுப் போக வந்த அண்ணன். நிம்மதியாகத்தான் இருந்தது அவருக்கு. ஆனால் அந்த மனுஷருக்கு விஷயம் புரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு வந்தால் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவார், கண்ணை மூடுகிற வரைக்கும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அகிலாண்டம் அன்றைக்குக் கத்தவில்லை, அழவில்லை. கறுப்புப் பொடி அப்பியிருந்த முப்பத்திரண்டு பாத்திரத்தையும் கொல்லையில் போட்டு இருட்டுகிற வரை தேய்த்தாள். தேய்த்துவிட்டு வந்து, கையில் சாம்பலோடு சொன்னாள்: "இன்னொரு தடவை இந்தப் பொடியை என் வீட்டுக்குள்ள எடுத்தீங்கன்னா, நான் இங்க இருக்க மாட்டேன்." நாலு மாதம் சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், பேசவில்லை. வீட்டில் ஒரு ஆள் நடமாடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் அவர் என்ன செய்வார்? பால் பாக்கெட் எங்கே வைப்பார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது.

சரி, டாக்டர் இருக்கட்டும், படத்தைத் தொட்டது அகிலாண்டமாகவே இருந்தால்? இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்று அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பீரோவைத் திறந்தார். அடித்தட்டில், பென்ஷன் காகிதங்களுக்குக் கீழே, மஞ்சளாகிப்போன ஒரு படிவம் இருந்தது. கல்யாணமான முதல் வாரத்தில், புதுப்பெண்டாட்டியின் கையைப் பிடிக்க வேறு வழி தெரியாமல், விளையாட்டாக அவளுடைய பத்து விரலையும் மையில் உருட்டி எடுத்த படிவம். அவள் சிரித்துக்கொண்டே இருந்ததில் இடது மோதிர விரல் மட்டும் கொஞ்சம் கலைந்திருந்தது. மற்ற ஒன்பதும் தெள்ளத்தெளிவு. வலது ஆள்காட்டி விரலில் அப்படி ஒரு சுழி, பிசிறில்லாத சுழி, அந்தக் காலத்தில் ஆபீஸில் எல்லோரிடமும் பெருமையாகக் காட்டியிருக்கிறார். மனுஷனுக்கு எது மாறினாலும் கைரேகை மாறாது, பிறந்ததிலிருந்து கட்டையில் போகிற வரை அதேதான் என்று எத்தனை கோர்ட்டுக் கூண்டில் நின்று சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார். படிவத்தைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். இந்தச் சுழி விழுந்திருந்தால் குருடனுக்கும் தெரியும். ஆகவே அகிலாண்டம் இல்லை. ஒரு வினாடி நெஞ்சு லேசானது, அடுத்த வினாடி முன்னைவிடப் பாரமானது. அகிலாண்டம் இல்லை என்றால் உறை போட்டவன். உறை போட்டவன் இந்த அறை வரைக்கும் வந்திருக்கிறான், கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகவில்லை. அப்போதுதான் சுவிட்சைக் கவனித்தார். வெள்ளை சுவிட்சின் ஓரத்தில் வெள்ளையாகவே ஓர் ஈஷல். வண்ணம்! படத்தைத் தொட்ட விரலாலேயே விளக்கை அணைத்திருக்கிறான். விளக்கு எதற்கு, மத்தியானத்தில்? அப்படியென்றால் ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள், எதற்கு? கை தன்னால் பீரோவுக்குப் போயிற்று. பொடி டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது, ரிட்டயர் ஆகிற அன்றைக்குக் கொண்டுவந்தது, ஏன் கொண்டுவந்தோம் என்று அவருக்கே தெரியாது. வேண்டாம் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே மூடியைத் திருகினார். ஒரே ஒரு சுவிட்ச்தானே, அவள் வருவதற்குள் துடைத்துவிடலாம். தூரிகையைப் பொடியில் லேசாகத் தொட்டு, சுவிட்சின் மேல் சுழற்றினார். மூன்று மாதமாக வண்ணத் தூரிகை பிடித்து நடுங்கிய கை இந்தத் தூரிகையில் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதைக் கவனித்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. சுவிட்சில் அங்கங்கே அவருடைய சொந்த விரல்கள் எழுந்து வந்தன, தெளிவாக, ஒழுங்காக. அவற்றுக்கு நடுவில், அவற்றின் மேலேயே, மொழுமொழுவென்று ஒரு விரல். ஒன்றல்ல, இரண்டு, நாலு. பழையது, புதியது, எல்லாம் அந்த மொழுமொழு விரலேதான். இந்த வீட்டில் அவன் எத்தனை நாளாக விளக்கைப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கிறான்? வாசல் கேட் கிறீச்சிட்டது.

"என்னங்க! ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க. சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க." அகிலாண்டம் உள்ளே வரவில்லை, படியில் நின்றுதான் கூப்பிட்டாள். அவர் பதறிப்போய்த் தோள் துண்டால் சுவிட்சை ஒரு இழுப்பு இழுத்தார். கறுப்பு இன்னும் பரவிச் சுவரிலும் ஏறியது. கதவைச் சாத்திவிட்டு, சட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். அவள் நெற்றியெல்லாம் வேர்வை, கையில் காலிப் பை. கேள்வி அவருடைய நாக்கு நுனியில் இருந்தது. இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் என்று ஆரம்பித்து எங்கேயோ போய் முடியப்போகிற கேள்வி. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "ரேகை விழலைங்க."

"என்னது?"

"ரேகை. பத்து விரலையும் வெச்சுப் பாத்தாச்சு. துடைச்சு வெச்சேன், எண்ணெய் தடவி வெச்சேன், எனக்கப்புறம் வந்தவங்கள்லாம் வாங்கிட்டுப் போயாச்சு. அந்தப் பொண்ணும் பாவம், எத்தனை தடவைதான் மிஷினை அணைச்சுப் போடும். போன மாசமே கடைசி விரல்லதான் விழுந்துச்சு. இந்த மாசம் சுத்தமா இல்ல. கார்டுல உங்க பேரும் இருக்குல்ல, சாரைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுது. பன்னெண்டரைக்குக் கடையைச் சாத்திருவாங்க, வாங்க." அவள் திரும்பி நடந்தாள். அம்பலவாணன் கறுப்பு விரல்களைச் சட்டையின் பக்கப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு பின்னால் போனார். கால் நடந்தது, தலை எங்கேயோ இருந்தது. மூன்று காரணம். முதல் காரணம் உறை. இரண்டாவது தோல் வியாதி. மூன்றாவது, மூன்றாவது என்ன? கரும்பலகையில் தன் கையெழுத்திலேயே எழுதியிருப்பது தெரிந்தது: தேய்மானம். கொத்தனார், சலவைக்காரர், பாத்திரம் தேய்க்கிற பெண்கள். அந்த மூன்றாவதை வகுப்பில் சொல்லும்போது பையன்கள் கொட்டாவி விடுவார்கள், அவரும் வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். ரேகை மாறாது. ஆனால் தேயும். முப்பத்தெட்டு வருஷம் தேய்ந்தால் சுழியும் தேயும். "எத்தனை நாளா இப்படி?" என்றார். "ஆறு ஏழு மாசமா. போன்லகூட எடுக்கலைன்னு சொன்னேனே. டாக்டர் ஒரு கிரீம் சொன்னாரு, அவங்க அம்மாவுக்கும் இப்படித்தானாம், தடவிப் பாருங்க, ஒருவேளை வரும்னாரு. வரல. உங்ககிட்ட கையைக் காட்டிக் கேக்கலாம்னு நெனச்சேன்." கேட்கவில்லை. அவர் விரலைப் பார்த்து என்ன செய்வார் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

சந்து திரும்பும்போது அவரால் அடக்க முடியவில்லை. "அந்தப் படத்தை நீ தொட்டியா?"

"ஆமா, தொட்டேன்." அவள் நிற்கவும் இல்லை, தயங்கவும் இல்லை. "வியாழக்கிழமை. டாக்டர் போனப்புறம் எண்ணெய் பாட்டிலை உள்ள வைக்கப் போனேன். வெயில் அடிக்குதுன்னு அந்த ரூம் ஜன்னலைச் சாத்தியிருந்தேன், லைட்டைப் போட்டா அந்தம்மா என்னையே பாக்குது. கண்ணுக்குக் கீழ தண்ணி கோத்துக்கிட்டு நிக்குது. நெசமாவே அழுவுறாப்ல இருந்துச்சுங்க. சட்டுனு கை போயிருச்சு, துடைச்சு விட்டுட்டேன். அப்புறந்தான் ஐயோ பெயிண்டுன்னு தெரிஞ்சுது. சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு சொல்லல." அவ்வளவுதான். மூன்று மாதம் அவர் கட்டம் கட்டமாக வரைந்த முகத்தை அவள் ஒரு பார்வையில் முகமாகப் பார்த்துவிட்டாள். அவருக்கு அந்தப் பெண் அழுகிறாளா சிரிக்கிறாளா என்பதே தெரியாது. டாக்டர், கொடைக்கானல், மொழுமொழு விரல், எல்லாம் இந்தச் சந்தில் அவர் காலடியில் கிடந்தன. சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம்தான், ஆனால் சந்தோஷம் வரவில்லை, வீட்டில் அந்தச் சுவிட்ச் இருந்தது.

கடையில் இரண்டே பேர்தான் நின்றார்கள். கடைக்காரப் பெண் மிஷினை ஜன்னல் பக்கம் தள்ளி, "வாங்க சார், ஏதாவது ஒரு விரல் வைங்க" என்றாள். அம்பலவாணன் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. "ஐயோ, என்ன சார் கையெல்லாம் கறுப்பா இருக்கு? துடைச்சுட்டு வைங்க, கண்ணாடியில ஒட்டிக்கும்." அவர் துடைக்க வேட்டி நுனியைத் தேடினார். அதற்குள் அகிலாண்டம் அவர் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்தவள் பார்த்தாள். இருபது வருஷம் கழித்துப் பார்த்தாலும் அந்தக் கறுப்பை அவளுக்கு அடையாளம் தெரியும். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. புடவைத் தலைப்பை எடுத்து அவருடைய ஆள்காட்டி விரலைத் துடைத்தாள், அப்புறம் கட்டைவிரலை, நகக்கண் வரைக்கும். அவள் விரல்கள் அவர் விரலின் மேல் போய்வந்தன. வழவழவென்று, சூடாக இருந்தன, பிடிப்பதற்கு ஒரு சொரசொரப்புக்கூட இல்லை. "எதுல போட்டீங்க?" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"சுவிட்சுல."

"யாரு வந்தாங்கன்னு தெரிஞ்சுதா?"

அவள் அவருடைய விரலைப் பிடித்தபடியே மிஷினில் வைத்தாள். தொட்டவுடன் பச்சை விளக்கு எரிந்தது. "அட, முதல் தடவையே விழுந்துருச்சு!" என்று கடைக்காரப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "சாருக்குக் கை புதுசா இருக்கும்மா. ஒரு கோடுகூட அழியல பாருங்க." பக்கத்தில் நின்றவரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அம்பலவாணன் தன் விரலைப் பார்த்தார். உண்மைதான். அறுபத்துமூன்று வருஷத்தில் ஒன்றுமே ஆகாத விரல். எதையும் தேய்க்காத, பிழியாத, எந்த முகத்தையும் துடைக்காத விரல். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மறுபடி பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

திரும்பும்போது பைகளை அவர்தான் தூக்கினார், அகிலாண்டம் முன்னால் நடந்தாள். வீட்டில் நுழைந்து நேராகப் பின்பக்க அறைக்குப் போனாள். அந்தப் பெண் ஸ்டாண்டின் மேல் அப்படியேதான் இருந்தாள், கன்னத்தில் பள்ளத்தோடு. அகிலாண்டம் அவளைப் பார்க்கவில்லை, சுவிட்சைப் பார்த்தாள், சுவரில் அவர் துண்டால் இழுத்த கறுப்பைப் பார்த்தாள், மேஜை மேல் திறந்து கிடந்த டப்பாவையும் அதன் பக்கத்தில் தன்னுடைய சிரித்த பத்து விரலையும் பார்த்தாள். படிவத்தைக் கையில் எடுத்து, வலது ஆள்காட்டி விரல் இருந்த கட்டத்தின் மேல் தன் விரலை ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "எங்க அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் கிளம்பியிருப்பேன்" என்றாள். அவர் பைகளைக் கீழே வைக்க மறந்து நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். "தப்புத்தான்" என்று வந்தது. அவள் சுவிட்சைக் காட்டினாள். "அன்னிக்கு முப்பத்திரண்டையும் நான் தேச்சேன். இதை நான் தொட மாட்டேன்." சமையலறைக்குப் போனாள். பாமாயில் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. அம்பலவாணன் பழந்துணி ஒன்றைத் தேடி எடுத்து, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கதவோரம் வந்து நின்றார். "எதுல துடைக்கணும்?" என்று கேட்டார். இத்தனை வருஷம் எத்தனையோ வீடுகளில் அந்தப் பொடியைத் தூவியிருக்கிறார், ஒரு இடத்தில்கூடத் துடைத்ததில்லை.

"சோப்புத் தண்ணி" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பிறகு, "மெயினை அணைச்சுட்டுத் தேய்ங்க. அழுத்தித் தேய்க்கணும், லேசுல போகாது."

மெயினை அணைத்தார். மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. துணியை நனைத்துப் பிழிந்து சுவிட்சின் மேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அழுத்தித்தான் தேய்த்தார், லேசில் போகவில்லை.